குளத்தங்கரையில் தொள்ளாயிரம் குதிரைகள்

வறட்கோன் தன் குதிரைப்படையை ஏன் தெற்கே அனுப்பினான் என்பது ஒரு வாரமாக எனக்குப் புரியவில்லை.

வெற்றி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏழு நதிகளையும் மலைக்குள் பூட்டிவைத்திருந்தான். அவற்றை மீட்கப் புறப்பட்ட பத்துப் பேரும் சோர்ந்துபோய், வடக்குக் கணவாயில் அவன் விரித்திருந்த வலையை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து, தன்னிடமிருந்த மிகச் சிறந்த தொள்ளாயிரம் குதிரைவீரர்களைக் கணவாயிலிருந்து விலக்கி, எங்கோ தெற்கே கிடந்த ஒரு சின்னக் குளத்தைச் சுற்றி நிறுத்தினான். குளத்தில் ஆயுதம் இல்லை, புதையல் இல்லை, மந்திரக்கல் இல்லை. கரையில் ஒரு மனிதர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

வறட்கோனைச் செய்தவள் நான். அவன் கொடியவன்; ஆனால் முட்டாள் இல்லை. முட்டாளாக இருக்கக் கூடாது என்பதற்காகவே நான்கு வருடம் உழைத்திருந்தேன்.

இது நடந்த இடம் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு. பதினொரு படுக்கைகள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார்கள். கையில் இரண்டு தடித்த ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே போகும். இயந்திரம் அதைக் கழுவி, கூடுதல் நீரைப் பிரித்தெடுத்து, இன்னொன்றின் வழியாகத் திருப்பி அனுப்பும். நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். அது எவ்வளவு நீளமான நான்கு மணி நேரம் என்பது கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரத்தைத் தாண்டுவதற்காகத்தான் எங்கள் கம்பெனி கனவுப் பட்டையைச் செய்தது. நெற்றியில் கட்டிக்கொண்டால் பதினொரு பேருக்கும் ஒரே கனவு. கனவை நாங்கள் படமாக வரைந்து கொடுப்பதில்லை. அதற்கு எந்தக் கணினியும் போதாது. ‘இங்கே ஒரு மலை’ என்று ஒரு குறிப்பை மட்டும் தூங்குகிறவரின் மூளைக்கு அனுப்புவோம். மலையைக் கட்டி எழுப்புவது அவர் வேலை. அதனால் ஒரே மலை ஒருவருக்குக் குற்றால மலையாகத் தெரியும். இன்னொருவருக்குத் தன்னால் ஏறவே முடியாத ஒரு மாடிப்படியாகத் தெரியும். இரண்டு பேரும் ஒன்றாகவே ஏறுவார்கள்.

வெறுமனே அழகான கனவாக இருந்தால் நிற்காது. அரை மணி நேரத்தில் மனம் அலைய ஆரம்பித்துவிடும். மனம் அலைந்தால் கை அசையும், ஊசி விலகும். மனதைக் கட்டிப்போட ஓர் எதிரி வேண்டும். அதுவும் எழுதி வைத்தபடி ஆடுகிற எதிரியாக இருந்தால் மூன்றே நாளில் சலித்துவிடும். உண்மையாகவே யோசித்து, உண்மையாகவே ஏமாற்றுகிற ஒருவன் வேண்டும்.

அப்படி ஒருவனை எப்படிச் செய்வது? நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு கேள்வியில்தான். சூழ்ச்சிக்காரன் எதிரியின் மனதுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் யாராலும் இன்னொருவர் மனதுக்குள் போக முடியாது. நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நம் மனதையே கழற்றி, அடுத்தவர் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். ‘அங்கே நான் இருந்தால் என்ன செய்வேன்?’ வறட்கோனுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன். பகைவர் ஒவ்வொருவருக்கும் அவன் மனதில் ஒரு பொம்மை உண்டு. பிறக்கும்போது அந்தப் பொம்மை வறட்கோனின் ஆசைகளோடுதான் பிறக்கும். பிறகு ஆளைப் பார்த்துப் பார்த்து அதைச் செதுக்கிக்கொள்வான்: இவருக்குப் புகழ் ஆசை கொஞ்சம் கூடுதல், அவருக்குப் பழிவாங்கும் ஆசை. நான்காம் படுக்கை லாரி டிரைவர் அவசரக்காரர் என்று தெரிந்ததும், அவர் ஒருவருக்காகவே காட்டுக்குள் ஒரு குறுக்குவழி வெட்டிவைத்தான். அவரும் அதில் போய் இரண்டு வாரம் ஒரு குகையில் கிடந்தார். விழித்ததும், “பய என்னைய கரெக்டா எடை போட்டுட்டான்” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொம்மை செய்யும் என்று அவன் நினைப்பதற்கும் ஆள் செய்வதற்கும் உள்ள தூரத்துக்கு நாங்கள் ‘பிசகு’ என்று பெயர் வைத்திருந்தோம். பிசகு எங்கே அதிகமோ அங்கேதான் ஆபத்து என்பது அவனுடைய அடிப்படை விதி. நியாயமான விதிதான். தெரிந்த நாயை விடத் தெரியாத நாயைத்தானே நாம் கவனிக்கிறோம்? கனவில் அந்தச் சந்தேகத்தை ஒரு வெக்கைக் காற்றாக அமைத்திருந்தேன். வறட்கோன் யாரைச் சந்தேகப்படுகிறானோ அவர் மேல் அந்தக் காற்று அடிக்கும்.

ஒரு வாரமாக அந்தக் காற்று முழுவதும் குளத்தங்கரையில் அடித்தது. என் வரைபடத்தில் அந்தக் குளமே கிடையாது. அங்கே நான் போட்டிருந்தது வெறும் பொட்டல்.

முதலில் நானும் சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். குளத்தங்கரையில் இருக்கிற ஆறாம் படுக்கை ஆள் வேறு கம்பெனியிலிருந்து வந்தவராக இருக்கலாம், எங்கள் கனவைக் குலைக்கிற வழியைத் தேடிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எல்லோரும் சண்டை போடும்போது ஒருவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா? அவருடைய பதிவுகளை மட்டும் தனியாக எடுத்து இரண்டு நாள் அலசினேன். பிறகு டயாலிசிஸ் டெக்னீஷியன் முப்பிடாதியிடம் போய்க் கேட்டேன்.

“ஆறாம் பெட்டா? நம்ம கோமதிநாயகம் அண்ணாச்சில்லா அது” என்றாள் முப்பிடாதி. குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை. “லஸ்கரா இருந்தாவ.”

“லஸ்கர்னா? கப்பலா?”

அவள் சிரித்தாள். “மெட்ராஸ்காரவுகளுக்கு எல்லாம் கப்பல்தான். பொதுப்பணித் துறையில, கால்வாய்க்கு ஷட்டர் தெறந்து தண்ணி வுடுத ஆளு. இப்ப உடம்பு முடியாம லீவுல இருக்காவ. ஏன் மேடம், என்ன செஞ்சாவ?”

“கனவுல எதுவுமே செய்ய மாட்டேங்கிறார். தண்ணிதான் குடிக்கிறார்.”

முப்பிடாதி கையை நிறுத்தினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஓர் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் நோயாளி எத்தனை கிலோ கூடி வந்தார் என்ற கணக்கு. சிறுநீர் பிரியாதவர்களுக்கு, குடித்த தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். இரண்டு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் மூச்சுத் திணறும், இதயம் தவிக்கும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், மாத்திரை விழுங்குகிற தண்ணீரையும் சேர்த்து.

“கனவு வாரதுக்கு முந்தி பாருங்க, நாலு கிலோ, நாலரை கிலோ. அவுகளால தாகம் தாங்க முடியாது. ஐஸ்கட்டிய வாயில போட்டுக்கிட்டு அழுவாவ. பட்டை கட்டின பொறவு ஒண்ணரை கிலோ. டாக்டரே நம்பல.”

எனக்கு இது பிடித்திருந்தது. அதாவது, அது எப்படி நடக்கிறது என்பது. தாகம் இரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை. தண்ணீர் குடித்தால் அது இரத்தத்தில் சேரப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் இரண்டாவது மிடறிலேயே தாகம் அடங்கிவிடுகிறது. தொண்டை முன்கூட்டியே மூளைக்குச் சேதி சொல்லிவிடுகிறது. கோமதிநாயகம் கனவில் குடித்தபோதும் தொண்டை அதே சேதியைச் சொல்லியிருக்கிறது. மூளை அதை இரண்டு நாள் வரைக்கும் நம்பியிருக்கிறது.

அட்டையின் கடைசி மூன்று வரிகளைப் பார்த்தேன். இரண்டரை. மூன்று. மூன்றரை. குதிரைகள் வந்த பிறகு.

அவர்கள் அடுத்து வந்த நாள் காலை நானும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கனவில் பொட்டல் மிக நீளமாக இருந்தது. நடக்க நடக்க மண் வெளுத்துக்கொண்டே வந்தது. தூரத்தில் தொள்ளாயிரம் குதிரைகள் ஓர் ஓசையும் இல்லாமல் நின்றன. அவற்றின் நிழல்கள் மட்டும் தனியாக மேய்ந்துகொண்டிருந்தன. வெக்கைக் காற்று என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விலகியது. குதிரைகளுக்கு நடுவே, உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளலாம் போல ஒரு குளம். அல்லித் தண்டுகள் அடிவரைக்கும் தெரிந்தன. வானம் குளத்துக்குள்தான் இருந்தது. மேலே வெறும் வெள்ளை.

கோமதிநாயகம் ஒல்லியான மனிதர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

“நீங்க கம்ப்யூட்டர் மேடம்லா? குடிங்க. நல்ல தண்ணி.”

குடித்தேன். பல்லில் கூசுகிற குளிர்ச்சி. காற்றுக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீரின் மேற்பரப்பு சுருங்கியது.

“இந்தக் குதிரைங்க உங்களைத் தொந்தரவு பண்ணுதா, அண்ணாச்சி?”

“ஒண்ணும் செய்யல. சும்மா பாக்கும். ஆனா ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருந்தா தண்ணி தொண்டையில எறங்குமா? பாதியில நின்னுருது.” அவர் குதிரைகளைப் பார்த்தார். “நான் இவனுக்கு என்ன செஞ்சேன் மேடம்? ஒரு கல்லத் தூக்கி எறிஞ்சிருப்பனா?”

“ஒண்ணும் செய்யலை. அதுதான் அவனுக்குப் பிரச்சினை.”

விழித்ததும் பிசகு வரைபடத்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவரை நான் பார்க்கத் தவறிய ஒன்று, கண்ணெதிரிலேயே இருந்தது. மற்ற பத்துப் பேருக்கும் கோடு இறங்கிக்கொண்டே போனது. ஆறாம் படுக்கைக்கு ஏறிக்கொண்டே போனது. வறட்கோன் அவருடைய பொம்மைக்குள் ஒவ்வோர் ஆசையாக வைத்துப் பார்த்திருக்கிறான். அரியணை ஆசை, பொன் ஆசை, பழி, புகழ். எதுவும் பொருந்தவில்லை. ஆசையே இல்லாத பொம்மையைச் செய்ய அவனுக்குத் தெரியாது, நான் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே அவன் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும்: இவ்வளவு நன்றாகத் தன் ஆசையை மறைக்கிறவன் எல்லோரையும்விடப் பெரிய சூழ்ச்சிக்காரன்.

காரணம் தெரிந்துவிட்டது, சரிசெய்வது சுலபம் என்று நினைத்தேன். ‘குளத்தில் ஆபத்து இல்லை’ என்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன். ஆனால் நாங்கள் வெளியிலிருந்து சேர்க்கிற எதுவும் வறட்கோனுக்கு அமைச்சர் சொல்கிற ஆலோசனையாகத்தான் போய்ச் சேரும். இல்லாவிட்டால் கதை உடைந்துவிடும். காலையில் பார்த்தபோது, குளத்தில் ஆபத்து இல்லை என்று சொன்ன அமைச்சரை அவன் சிறையில் போட்டிருந்தான். குளத்துக்காரன் அமைச்சரையும் வளைத்துவிட்டான் என்பது அவன் முடிவு. குதிரைகளுக்குப் பின்னால் இப்போது யானைகளும் நின்றன.

அடுத்து, குளத்தைப் பனிமூட்டத்தில் மறைத்தேன். மறைக்கிறார்கள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. ஒற்றர்கள் வந்து பனிக்குள் முழங்காலிட்டுத் தவழ்ந்தார்கள்.

மூன்றாவதாக நான் செய்ததுதான் பெரிய தவறு. தூதுவராக நானே அவன் சபைக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவனுடைய சபை உலர்ந்துபோன ஓர் அருவியின் அடியில் இருந்தது. பேசினால் ஒவ்வொரு சொல்லும் மணலாக உதிர்ந்தது. வறட்கோன் பொறுமையாகக் கேட்டான். அவனை அப்படித்தான் செய்திருந்தேன். நன்றாகக் கேட்டால்தான் நன்றாக ஏமாற்ற முடியும்.

“அந்த மனிதருக்குத் தாகம். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்” என்றேன்.

“தூது வந்தவளே, எனக்கும் தாகம் உண்டு” என்றான் அவன். “அதற்காக ஏழு நதிகளைப் பூட்டினேன். தாகம் உள்ளவன் ஒரு குளத்தோடு நிற்பானா?”

“நிற்பான். வயிறு நிறைந்தால் நின்றுவிடுவான்.”

அவன் என்னை நெடுநேரம் பார்த்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை. கிட்டத்தட்ட இரக்கம்தான் இருந்தது. “உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறான். நீயும் நம்பிவிட்டாய். நான் நினைத்ததைவிட அவன் கெட்டிக்காரன்.”

அன்றே யானைகள் கரையை உடைத்தன. தண்ணீர் பொட்டலில் ஓடி, மண்ணுக்குள் போய், இல்லாமலாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை கோமதிநாயகத்தைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். ஐந்து கிலோ கூடியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் யாருக்கும் தெரியாமல், குளியலறையில் குழாயைத் திறந்து வாயை வைத்துக் குடித்திருக்கிறார். நிறுத்த முடியவில்லையாம். ஒரே முறையில் ஐந்து கிலோவையும் எடுத்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். எடுக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். முப்பிடாதி ஆறு மணி நேரம் இயந்திரத்தை விட்டு நகரவில்லை.

சென்னையிலிருந்து ஆல்பர்ட் சார் கூப்பிட்டார். பிரிவுத் தலைவர்; கெட்டவர் இல்லை, அவசரக்காரர். “தாட்சாயணி, எதுக்கு இவ்வளவு பாடு? ஆறாம் படுக்கையைக் கனவிலேர்ந்து கழட்டிடுங்க. மத்த பத்து பேருக்கு நல்லா ஓடுதில்ல?”

“கழட்டினா அவர் பழைய நாலரை கிலோவுக்குப் போயிடுவார் சார். டாக்டர் சொல்றாங்க, அந்த இதயம் இனிமே அதைத் தாங்காது.”

“அப்போ வில்லனை மாத்துங்க.”

“மாத்தணும்னா முதல்லேர்ந்து செய்யணும். ஒரு வருஷம் ஆகும்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க” என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை, ஊசி குத்தியதும் கோமதிநாயகம் பட்டை வேண்டாம் என்று கையால் தள்ளினார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு வழி தெரியாததால், எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன்: பொம்மை, பிசகு, சிறைக்குப் போன அமைச்சர், நான் தூது போய்க் கெடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“எங்க தலைமடைக்காரருக்குத் தம்பி மாதிரில்லா இருக்கான் உங்க ஆளு” என்றார்.

“யாரு?”

“நான் ஷட்டர் பாத்த கால்வாயில, தண்ணி மொதல்ல பாயுத தலைமடை ஒரு ஊரு, கடைசியில பாயுத கடைமடை ஒரு ஊரு. முறை வச்சுத் தண்ணி வுடணும். மூணு நாளு அங்க, மூணு நாளு இங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் யாருகிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். நேர்மையா இருந்தா வம்பு வராதுன்னு நெனப்பு.” அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்கியது. “அதான் தப்பாப் போச்சு. தலைமடைக்காரரு என்ன நெனச்சாரு தெரியுமா? நம்ம டீயத் தொட மாட்டேங்கான், அப்பம் கடைமடைக்காரன் பெருசா ஏதோ செஞ்சிருக்கான். கடைமடைக்காரரு அப்படியே திருப்பி நெனச்சாரு. ரெண்டு ஊரும் ஷட்டருக்கு ஆளு போட்டு என்னையக் காவல் காத்தாவ. ஒருநா ஷட்டர் கம்பியவே அறுத்துட்டாவ.”

“அப்புறம்?”

“ஒருநா நல்ல பசி. வாழைத் தோட்டம் வழியா வாரேன், தலைமடைக்காரரு நிக்காரு. ‘அண்ணாச்சி, ஒரு தாரு குடுங்களேன்’னு வாய்தவறிக் கேட்டுட்டேன். அவரு மூஞ்சியப் பாக்கணுமே. ‘இவ்வளவுதானா வே உமக்கு’ன்னாரு. மவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்ச மாதிரி ஒரு சந்தோசம். மறுநா ஷட்டர்ல காவலுக்கு ஆளக் காணும். பொறவு கடைமடைக்காரர்கிட்டயும் போயி ஒரு தாரு கேட்டேன். அந்தப் பக்கமும் அடங்கிட்டு. தண்ணி எப்பவும் போல முறைப்படிதான் போச்சு. பதினாறு வருசம், ஒரு சண்ட கெடையாது.”

“அது லஞ்சம் இல்லையா, அண்ணாச்சி?” கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

“அதத்தான் நானும் பதினாறு வருசமா யோசிக்கேன்” என்றார். “வாங்கின தார ஷட்டர் கம்பியிலயே தொங்க வுட்டுருவேன். போறவன் வாரவன் பிச்சித் திம்பான். ஆனா கேக்கும்போது உள்ளுக்குள்ள ஒண்ணு சின்னதாப் போவும் பாருங்க, அது திரும்பிப் பெருசாவாது. ‘நீயும் இவ்வளவுதான்’னு ஒருத்தன் பாக்கான்லா, அந்தப் பார்வை.” இயந்திரம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. “அந்தக் குளத்துலதான் மேடம், நான் யாருகிட்டயும் எதையும் கேக்காமக் குடிச்சேன்.”

என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. அதைச் செய்யுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முப்பிடாதிதான் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அண்ணாச்சி, அந்த எடுபட்ட பய உங்களச் சின்னதா நெனச்சா என்ன, பெருசா நெனச்சா என்ன? அவன் கனவுல வாரவன். நான் நெசத்துல வாரவ. வெள்ளிக்கிழம நீங்க ரெண்டு கிலோவோட வரணும்.”

கோமதிநாயகம் கையை நீட்டினார். “பட்டையக் குடு தாயி.” பிறகு என்னிடம், “வாழைப்பழமும் எனக்கு ஆவாது, தெரியும்லா? பொட்டாசியம்னு டாக்டர் நிப்பாட்டிட்டாரு.”

நானும் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அவரோடு போனேன். வறட்கோன் அன்று தானே வந்திருந்தான். வற்றிய குளத்தின் நடுவில், வெடித்த சேற்றின் மேல், கரிய குதிரையில் உட்கார்ந்திருந்தான். வெக்கைக் காற்று அவனைச் சுற்றிச் சுழன்றது. அல்லித் தண்டுகள் காய்ந்து நூலாகக் கிடந்தன. தொள்ளாயிரம் குதிரைகளும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தன.

“வெளியே வந்துவிட்டாய்” என்றான் வறட்கோன். “சொல். உனக்கு என்ன வேண்டும்? என் அரியணையா, நதிகளின் சாவியா?”

கோமதிநாயகம் முன்னால் போனார். போகப் போக அவருடைய தோள்கள் குறுகின. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குரல்கூட மாறிவிட்டது, அதைக் கேட்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

“சாவியெல்லாம் எனக்கு எதுக்குங்க மகாராசா? உங்க தோட்டத்துல வாழை போட்டிருக்கிய. மாசம் ஒரு தாரு குடுத்தியன்னா, நான் பாட்டுக்கு இந்தக் கரையில கெடந்துக்கிடுவேன்.”

காற்று நின்றது. அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. தூசு அந்தரத்தில் அப்படியே தங்கி, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கியது. பொம்மைக்குள் ஓர் ஆசை போய் உட்கார்ந்துவிட்டது. பொருந்திவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றான் வறட்கோன். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, அவன் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பான் என்று தோன்றியது. நிம்மதிக்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து, இளக்காரமும் வந்தது. “கொடுத்துவிடுங்கள்” என்று தளபதியிடம் சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிரையைத் திருப்பினான். தொள்ளாயிரம் குதிரைகளும் யானைகளும் வடக்கே போன ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது.

கோமதிநாயகம் குனிந்தபடியே நின்றார். பிறகு அவர் பாதத்தைச் சுற்றிச் சேறு நிறம் மாறியது. தண்ணீர் கீழிருந்து வந்தது, சத்தமில்லாமல்.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டு கிலோவோடு வந்தார். அடுத்த வாரம் ஒன்றரை.

இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் வாரம் நான் உள்ளே போனபோது அவர் கரையில் இல்லை. கரையின் கீழ்ப்புறம் இறங்கி, புதைந்துகிடந்த ஒரு கல்மடையிலிருந்து கையால் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். அந்த மடையையும் நான் வைக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி இது?”

“குளம்னு இருந்தா மடைன்னு ஒண்ணு இருக்கும்லா? சும்மா கெடக்கேன், கை சும்மா இருக்க மாட்டேங்கு.” தண்ணீருக்குள் காதை வைத்துக் கேட்டார். “இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிய? மலைக்கு அடியிலேருந்துதான். அந்த ஏழு ஆத்துத் தண்ணிதான். கல்லக் கொஞ்சம் அசைச்சா வடக்க போவும். ஒரேயடியாத் தெறந்தாத் தெரிஞ்சிரும். முறை வச்சு வுடணும். மூணு நாளைக்கு ஒருக்க, பெருவிரல் கனத்துக்கு.”

வடக்குக் கணவாயில், காய்ந்த ஆற்றுப் படுகையில், ஐந்தாம் படுக்கை ஆசிரியை முழங்காலிட்டு மணலைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. வறட்கோன் தெற்கே திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கே வாழைத்தாருக்கு ஆசைப்பட்ட ஓர் ஆள்தான் இருக்கிறான்.

ஆல்பர்ட் சார், அமைப்பில் என்ன மாற்றினேன் என்று அறிக்கை கேட்டார். கடைசியில் பலித்ததற்காக நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. கணினியில் எழுதினால் அதுவும் ஓர் அமைச்சர் வழியாக வறட்கோனுக்குப் போய்விடுமோ என்று காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பினேன். காகிதத்திலும் மடையைப் பற்றி எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்:

எதுவும் வேண்டாதவரை வறட்கோன் நம்ப மாட்டான். ஆகவே, அவனுக்குப் புரிகிற மாதிரி ஏதாவது ஒன்றை, சின்னதாக, அவனிடம் கேட்க வேண்டும். ஆறாம் படுக்கை மாதம் ஒரு வாழைத்தார் கேட்கிறார். அவன் கொடுக்கிறான். குளத்தில் தண்ணீர் இருக்கிறது.